பச்சைக் கம்பளி ஜெர்சி

அக்கா அந்த ஸ்வெட்டரின் அடியோரத்திலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு நூலை உருவி எடுத்துவிட்டுக் கடைக்காரரிடம் தீப்பெட்டி கேட்டார். கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சாலையோரம் தார்ப்பாய் விரித்து, பட்டாளத்தில் கழித்துக் கட்டிய சாமான்களைக் குவித்து வைத்திருந்த கடை அது. கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பூட்ஸ், பெல்ட், தண்ணீர்க் குடுவை, முதுகுப்பை எல்லாவற்றுக்கும் நடுவே பச்சை ஸ்வெட்டர்கள் மலைபோல் கிடந்தன. "இன்னா மேடம், போணி ஆவறதுக்கு முன்னாடியே கொளுத்திப் பாக்குறீங்க?" என்று சிரித்துக்கொண்டே கடைக்காரர் தீப்பெட்டியை நீட்டினார். அதற்கு முன் பார்த்த ஸ்வெட்டரின் நூல் தீ பட்டதும் உருகி மணிபோல் திரண்டுவிட்டதால் அக்கா அதை ஒதுக்கியிருந்தார். இந்த நூலோ சுருண்டு கருகித் தானாகவே அணைந்தது. தலைமுடி தீய்ந்த வாசனை வந்தது. சாம்பலை இரண்டு விரலால் நசுக்கினார், மாவாக உதிர்ந்தது. "இதான் கம்பளி" என்றார் என்னிடம்.

அக்கா கல்வராயன் மலையில் கிராம சுகாதார செவிலியர். நான் அதே மலையின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். அவருக்குப் பெயர் இருந்தது, ஆனால் எங்கள் டாக்டர் உட்பட எல்லோரும் அக்கா என்றுதான் அழைத்தோம். நான் கச்சிராயபாளையத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தேன். அக்கா இருந்தது அதற்குப் பக்கத்துக் கிராமத்தில், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே இருந்த மாமியார் வீட்டில். தினமும் காலையில் அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்துதான் நான் மலை ஏறுவேன். கீழே வெயில் முகத்தில் அடிக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடந்ததும் மூட்டம் வந்து மூடிக்கொள்ளும். கண்ணிமையில் ஈரம் கட்டும். முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிற அக்காவின் முதுகு நடுங்குவது என் உள்ளங்கைக்குத் தெரியும். என்னை நிலையத்தில் இறக்கிவிட்டு அவர் அத்தோடு நிற்க முடியாது. சாமைக் கொல்லைகளையும் மரவள்ளிச் சரிவுகளையும் கடந்து ஊர் ஊராகப் போய், மாசமாக இருக்கிற பெண்களைப் பார்த்து, கைக்குழந்தைகளை எடை போட்டு, தடுப்பூசி போட்டுவிட்டுத்தான் திரும்புவார். சாரல் பிடித்தால் நனைந்தபடிதான்.

அதற்கு முந்தைய வருடத்துப் பனியில் அவருக்கு நுரையீரலில் சளி கட்டி, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்திருந்தார். கீழே மாறுதல் வாங்கிக்கொள்ளும்படி டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். இன்னொரு முறை நெஞ்சில் சளி கட்டினால் தானே எழுதி அனுப்பிவிடுவதாக எச்சரிக்கவும் செய்தார். கீழே வேலை கிடைத்தால் நல்லதுதானே என்று ஒருநாள் நானும் கேட்டேன். அக்கா ஸ்கூட்டரை ஓட்டியபடியே சொன்னார்: "கீழ நான் செத்துப்போனவரு பொண்டாட்டி. கட வீதியில கூட அப்படித்தான் பாக்குறாங்க. மல ஏறிட்டா நர்சம்மா. அத வுட்டுட்டு எங்க போறது?"

அவர் கணவர் பட்டாளத்தில் இருந்தவர். சண்டையில் இறக்கவில்லை. வடக்கே பனி மலைப் பாதையில் அவர் போன வண்டி சறுக்கிப் பள்ளத்தில் விழுந்துவிட்டது. கல்யாணமாகி அதிக காலம் ஆகியிருக்கவில்லை, குழந்தையும் இல்லை. மாமனார் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால், அந்தக் கொல்லை வீட்டில் மிஞ்சியது மாமியாரும் மருமகளும்தான். அத்தை என்றுதான் அக்கா கூப்பிடுவார், பிற்பாடு நானும் அப்படியே கூப்பிடப் பழகினேன். மெலிந்த தேகம், கரும்புச் சோகை அறுத்துக் காய்த்துப்போன கைகள். அதிகம் பேசமாட்டார். அந்தக் குடும்பத்தில் சிரித்துச் சொல்லிக்கொள்ள ஒரே ஒரு கதை மிச்சம் இருந்தது. பட்டாளத்தில் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் மகன் போன் பண்ணி, "அம்மா, எனக்கு ஜெர்சி குடுத்திருக்காங்க" என்று சொல்லியிருக்கிறார். கம்பளிச் சட்டைக்கு அங்கே அப்படித்தான் பெயர். அத்தைக்குத் தெரிந்த ஜெர்சி மாடுதான். "பாலு எவ்ளோடா கறக்குது?" என்று கேட்டாராம். அந்தப் பக்கம் மகன் சிரித்த சிரிப்பில் பேச்சே வரவில்லையாம்.

அவர் இறந்த பிறகு அந்த ஜெர்சி, அவர் பெட்டியோடு வீடு வந்து சேர்ந்தது. மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் அத்தை அதை மாட்டி வைத்தார். துவைக்கவில்லை, வெயிலில் போடவுமில்லை. நோயில் கிடந்து எழுந்த பிறகு அக்கா ஒருநாள் தயங்கித் தயங்கி அதைக் கேட்டிருக்கிறார், மலைக்குப் போட்டுக்கொண்டு போக. அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. ஜெர்சியின் கையைப் பிடித்து முகத்தருகே கொண்டுபோய்விட்டுச் சொல்லியிருக்கிறார்: "இதுல அவன் வாசன இருக்குதும்மா. நீ போட்டுக்கினு மழையில பனியில போனா அது பூடும். அப்புறம் எனக்கு இன்னா இருக்குது?" அதற்கு மேல் கேட்க அக்காவுக்கு மனம் வரவில்லை. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு வந்தார்.

துணிக்கடைகளில் பூப்போட்ட, பளபளக்கிற ஸ்வெட்டர்கள் தொங்கியதைக் காட்டினேன். கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, காற்று உள்ளே புகுந்துவிடும் என்று வைத்துவிட்டார். நனைந்தாலும் உடம்புச் சூட்டைக் கொஞ்சம் பிடித்து வைப்பது கம்பளி ஒன்றுதான் என்று கணவர் விடுமுறையில் வந்தபோது சொன்னது அவருக்கு நினைவிருந்தது. தார்ப்பாய்க் கடையில் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பூச்சி அரித்த ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார். கைமணிக்கட்டுப் பட்டியை இழுத்துவிட்டு, அது திரும்பிச் சுருங்குகிறதா என்று கவனித்தார். தோளிலும் முழங்கையிலும் வைத்துத் தைத்திருந்த துணி, தையல் விட்டிருக்கிறதா என்று நகத்தால் கீறினார். குனிந்து வண்டி ஓட்டுகிற மாதிரி கையை நீட்டி, இடுப்பு வெளியே தெரிகிறதா என்று என்னைப் பின்னால் நின்று பார்க்கச் சொன்னார். கழுத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டார். அரித்தது. "அரிக்கட்டும், உள்ள பருத்திச் சட்ட போட்டுக்கிறேன்" என்றார்.

பக்கத்தில் பை பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் பொறுக்கமாட்டாமல் குறுக்கே பேசினார். "இதெல்லாம் செத்துப்போன சிப்பாய்ங்க துணிம்மா. வூட்டுக்குள்ள கொண்டு போவாதீங்க." கடைக்காரர் பதறிப்போய், அப்படியெல்லாம் இல்லை, எல்லாம் மிச்சம் விழுந்த சரக்கு என்றார். அக்கா கையிலிருந்ததைக் கீழே வைக்கவில்லை. அந்த அம்மாளைப் பார்த்து நிதானமாக, "இருந்தா இன்னாங்க? அவங்களும் குளுருக்குத்தானே போட்டாங்க" என்றார்.

குவியலில் பெரிய அளவு ஒன்று கிடைத்தபோது அதை மட்டும் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தார். அகன்ற தோள், நீண்ட கை. அவர் கணவருடைய அளவு என்று எனக்குச் சொல்லாமலே புரிந்தது. அதைத்தான் எடுப்பார் என்று நினைத்தேன். அக்கா அதை மடித்துத் திரும்ப வைத்துவிட்டு, இருப்பதிலேயே சிறியதாக, தன் தோளுக்குச் சரியாக உட்கார்கிற ஒன்றை எடுத்துக்கொண்டார். "பெருசா இருந்தா காத்து பூந்துக்கும்" என்றார்.

மறுநாள் மலையில் நல்ல சாரல். சாயங்காலம் நிலையத்துக்குத் திரும்பிய அக்காவின் ஜெர்சி மீது நீர் மணிமணியாக நின்றது. ஈரக் கம்பளி ஆட்டு வாடை வீசியது. ஆனால் அவர் கைகளைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தன. "ஒருவாட்டி கூட ஒதறல" என்று சின்னப் பெண்போலச் சொன்னார். அன்று என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். வீட்டுக்குப் போகிற வரப்பில் வண்டி போகாது. சாலையோரத்தில் இருந்த ஒரு வீட்டு ஓட்டுச் சார்ப்பில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் கரும்புக்கு நடுவே நடந்தோம். ஜெர்சியைக் கழற்ற அவருக்குத் தோன்றவில்லை. தலையில் துண்டைச் சுற்றியிருந்தார். பொழுது இறங்கி, கொல்லை மீது பனிப்புகை படிந்திருந்தது.

வாசலில் கன்றுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்தார். வாளி கையிலிருந்து விழுந்து உருண்டது. "கண்ணு, வந்துட்டியா!" என்று ஒரு குரல். அந்த வயதுக்கு அவர் அப்படி ஓடி வருவார் என்று நான் நினைத்ததில்லை. வரப்பின் பாதியில் நின்றுவிட்டார். விடுமுறைக்கு வருகிறபோது மகனும் அந்த வரப்பில்தான், அதே நிறத்தில், தலையில் துண்டு சுற்றி நடந்து வருவாராம். அக்கா, "அத்த, நான்தான்" என்றார். அத்தை கையை நீட்டி ஜெர்சியின் கையைத் தொட்டார். சூடு பட்டதுபோல் உடனே கையை இழுத்துக்கொண்டார். திரும்பி நடந்தார். அன்று எங்கள் இருவருக்கும் சோறு போட்டார், குழம்பு ஊற்றினார். அக்காவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து அக்கா சாலையோரத்திலேயே ஜெர்சியைக் கழற்றி, மடித்து, ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிடுவார். மெல்லிய துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, பனி இறங்குகிற கரும்புக் கொல்லையை நடந்தே கடப்பார். மலையிலிருந்து சூடாக இறங்கிய உடம்பு அந்தக் கொஞ்ச தூரத்தில் விறைத்துப் போகும். எதற்கு இப்படி என்று கேட்டேன். "அத்த புள்ளய ஒருதரம் பறிகுடுத்தது போதும். தெனம் சாயங்காலம் ஒருதரம் குடுக்கணுமா?" என்றார். மார்கழி பாதியில் இருமல் வந்தது. வளைவுகளில் வண்டியை நிறுத்தி நிறுத்தி இருமினார். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இந்த வாரம் பார்ப்பேன், அப்புறம் மேலே எழுதிவிடுவேன் என்றார். அக்கா அன்று மாத்திரை வாங்க என்னிடம் வந்தபோது கண் கலங்கியிருந்தது. இருமலுக்காக அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அதற்கு இரண்டொரு நாள் கழித்து, காலையில் நான் வழக்கம்போல ஸ்கூட்டர் நிற்கிற அந்தச் சாலையோரத்தில் காத்திருந்தேன். அக்கா வந்து இருக்கையைத் திறந்தார். உள்ளே ஜெர்சி இல்லை. திகைத்து நின்றபோது வரப்பில் அத்தை வந்துகொண்டிருந்தார். கையில் அது மடிப்புக் கலையாமல் இருந்தது. ஸ்கூட்டர் நிறுத்துகிற வீட்டுக்காரர்கள்தான், உம் மருமகள் இங்கே கழற்றி வைத்துவிட்டு நடுங்கிக்கொண்டு போகிறாள் என்று சொல்லியிருக்கிறார்கள். முந்தின நாள் ராத்திரியே அத்தை சாவியை எடுத்து வந்து, ஜெர்சியை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

"போட்டுக்கினு போ. வரும்போதும் போட்டுக்கினே வா" என்றார்.

"ஒங்களுக்குக் கஷ்டமா இருக்கும் அத்த."

"கஷ்டந்தான். தூரத்துல பாத்தா ஒரு நொடி அவன்தான் வர்றான்னு நெனச்சிக்குவேன். அந்த ஒரு நொடி எனக்கு வேணும்மா. அப்புறம் நீன்னு தெரியும். தெரிஞ்சா இன்னா, வர்றது எம்வூட்டு ஆளுதானே? நீயும் நெஞ்சுல சளி கட்டிப் படுத்துட்டா, நான் யாருக்கு வாசல் பாக்குறது?"

கைக்குழந்தைக்கு மாட்டுவதுபோல, அத்தையே ஜெர்சியை அக்காவின் தலை வழியாக மாட்டி, கைகளை உள்ளேவிட்டு இழுத்து, இடுப்புக்குக் கீழே இறக்கிவிட்டார். ஒட்டியிருந்த ஒரு சோகைத் துணுக்கைக் கிள்ளி எறிந்தார். பிறகு என்னைப் பார்த்து, "பாத்து ஓட்டச் சொல்லும்மா" என்றுவிட்டு வந்த வழியே போனார். வளைவுகள் முடியும்வரை அக்கா திரும்பவே இல்லை. அவர் முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. அது குளிரால் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பனி காலத்தில் இருமல் மெல்ல மெல்லக் குறைந்தது. டாக்டர் எழுதவில்லை. நான் சில வருடங்களில் மாறுதல் வாங்கி வேறு ஊருக்கு வந்துவிட்டேன். அக்கா இன்றும் மலைக்குத்தான் போகிறார். அப்போது அவர் எடை பார்த்த குழந்தைகள் இப்போது பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள்.

போன தை மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். மலையிலிருந்து வரும்வரை சாலையில் காத்திருந்து, இருவருமாகச் சேர்ந்து வரப்பில் நடந்தோம். வரப்பு குறுகல் என்பதால் நான் முன்னால், அவர் பின்னால். அத்தைக்கு இப்போது கண் மங்கிவிட்டது, நடந்து வருகிறவர் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது என்று அக்கா சொல்லிக்கொண்டு வந்தார். ஆனாலும் பொழுது சாயும்போது வாசலுக்கு வந்துவிடுகிறாராம். அன்றும் நின்றுகொண்டிருந்தார். எங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு, முன்னால் வந்த என் உருவத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"வந்துட்டியாம்மா? இன்னிக்கி மேல குளுரு ஜாஸ்தியா?"

அவர் கூப்பிட்டது மருமகளை. நான் சட்டென்று நின்றுவிட்டேன். என் தோளுக்குப் பின்னாலிருந்து அக்கா பதில் சொன்னார்.

"ஜாஸ்திதான் அத்த. நீங்க இன்னாத்துக்குப் பனியில நிக்கிறீங்க, உள்ள போங்க."