கார்டியன் கையெழுத்து

பாதிரிமார் அந்தக் காலத்தில் கட்டிய ஆண்கள் பள்ளி எங்களுடையது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் அங்கே ஏழாம் வகுப்பு. பையன்கள் இரண்டு கட்சி: வீட்டிலிருந்து வரும் டேஸ்காலர், ஹாஸ்டலில் கிடக்கும் போர்டர். மாதத்தில் ஒரு ஞாயிறு போர்டர்கள் வெளியே போகலாம். அதற்கு ஊருக்குள் கார்டியன் ஒருவர் வேண்டும். அவர் கையெழுத்துப் போட்ட சீட்டு வெள்ளிக்கிழமைக்குள் ஹாஸ்டல் ஃபாதர் மேஜைக்குப் போகாவிட்டால் கேட் திறக்காது.

என் வகுப்பில் கிணத்துக்கடவுப் பையன் ஒருவன் போர்டர். அவன் அப்பா தோட்டத்துக்குக் கயிறும் தார்ப்பாயும் வாங்குவது உக்கடத்தில் எங்கள் கடையில்தான். அந்தப் பழக்கத்தில் என் அப்பா, எங்கள் வழக்கில் அத்தா, அவனுக்குக் கார்டியன் ஆனார். சீட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை.

அவனுக்கு அம்மா இல்லை. அது போதாதா என் அம்மாவுக்கு? அவன் வருகிற ஞாயிறு பிரியாணியில் நல்லி எலும்பு அவன் தட்டுக்குத்தான். அவனும் நேரே அடுப்படிக்குப் போய் மேடைமேல் ஏறி உட்கார்ந்து கதை அளப்பான். மார்க்கும் என்னைவிட அதிகம். "அவனப் பாத்துப் படிச்சுக்கடா" என்று அம்மா சொன்ன அன்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த தடவைக்கான சீட்டை வெள்ளிக்கிழமை ஃபாதரிடம் கொடுக்காமல் மடித்து ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் போட்டுக்கொண்டேன். ஞாயிறு காலை, அவனுக்குக் காய்ச்சல், வரமாட்டான் என்று வீட்டில் சொன்னேன். நல்லி எலும்பு எனக்கு என்பது என் கணக்கு. ஆனால் காய்ச்சல் என்றதும் அம்மா ரசமும் குழைந்த சோறும் கேரியரில் கட்டி, "புள்ளயப் பாத்துட்டு வாங்க" என்று அத்தாவை விரட்டினாள். அத்தா என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார்.

கேட்டுக்கு உள்ளே சிமெண்டு பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, இஸ்திரிச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ.

"ஏன் கண்ணு, காச்சல்னு சொன்னானே?" என்றார் அத்தா.

அவன் என்னைப் பார்த்தான். "ஆமாங்க மாமா, காலைல இருந்துச்சுங்க. இப்பத்தான் உட்டுது."

அத்தா அவன் நெற்றியில் புறங்கையை வைத்தார். ஷூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கேரியரைத் திறந்து அவன் முன்னால் வைத்தார். அவன் ரசச் சோற்றை நிஜமாகவே காய்ச்சல்காரன் மாதிரி மெல்ல மெல்லத் தின்றான். சரியான பயந்தாங்கொள்ளி, என்னைக் காட்டிக்கொடுக்கத் தைரியம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் சீட்டை ஒழுங்காகக் கொடுத்தேன். வந்தான், ஆனால் அடுப்படிப் பக்கம் போகவில்லை. சாப்பிடக் கூப்பிடும்வரை ஹாலில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். அம்மா என்ன கேட்டாலும் "நல்லா இருக்கேனுங்க" என்பதோடு சரி. நான் ஜெயித்துவிட்டதாகச் சந்தோஷப்பட்டேன். எட்டாம் வகுப்புக்கு அவன் அப்பா அவனைப் பொள்ளாச்சியில் சேர்த்துவிட்டார். பிறகு அவனை நான் பார்க்கவே இல்லை.

இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. நான் மாட்டிக்கொண்டால் அந்தக் கோபத்தில் இனி சீட்டே கொடுக்கமாட்டேன், தன்னால் எங்கள் வீட்டுக்கு வரவே முடியாமல் போய்விடும் என்று பயந்துதான் அவன் அந்தப் பொய்யைச் சொன்னான் என்பது பன்னிரண்டு வயதில் எனக்குப் புரியவில்லை.