இருபத்தொரு கிணறுகள்

புன்னக்காயல் தேவாலயப் பங்கு மண்டபத்தில் அன்று நூறு பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். குடிநீர்ப் பிரச்சினை பற்றிக் கேட்க வந்திருந்த அதிகாரி, இரண்டு தாள்களை மேசைமீது அருகருகே வைத்தார். ஒன்று ஊர்க்காரர்கள் கொடுத்த மனு. மற்றது ஒரு கருத்தரங்க மலரில் வந்த ஆய்வுக் கட்டுரை. இரண்டும் அதே முப்பது கிணறுகளைப் பற்றியவை, கோடையும் ஒன்றே. மனுவில் இருபத்துமூன்று கிணறுகளில் உப்பு அளவு மீறியிருந்தது. கட்டுரையில் பத்தொன்பது.

“ரெண்டையும் எழுதினது ஒரே ஆள். இதுல எது சரி?” என்று கேட்டார்.

சாலோமி எழுந்து நின்றாள். “ரெண்டும் நான் எழுதினதுதான் சார்” என்றாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி தாள்களை மடித்துக் கோப்புக்குள் வைத்துக்கொண்டு, “சரியான கணக்கோட வாங்க, பாப்போம்” என்று கிளம்பிவிட்டார்.

சாலோமிக்கு முப்பத்தொன்பது வயது. பிறந்தது புன்னக்காயலில், வேதியியல் ஆசிரியையாக வேலை பார்ப்பது பாளையங்கோட்டையில். பள்ளிக்கூடத்து வேலையோடு நான்கு வருடமாகப் பகுதிநேர ஆராய்ச்சியும் செய்துவந்தாள். ஆறு கடலில் சேரும் இடத்துக் கிணறுகளில் உப்பு எப்படி ஏறுகிறது என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட பொருள். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் பஸ் பிடித்து ஊருக்கு வந்துவிடுவாள். அண்ணன் மனைவி பாக்கியம் கயிறும் வாளியுமாகக் காத்திருப்பாள். ஒவ்வொரு கிணறாக பாக்கியம் தண்ணீர் இறைக்க, சாலோமி கருவியை முக்கி அளந்து குறிப்பேட்டில் எழுதுவாள். அவள் வரமுடியாத மாதங்களில் பாக்கியமே முப்பது பாட்டில்களில் தண்ணீர் பிடித்து, பெயர் ஒட்டி, பஸ்ஸில் கொடுத்தனுப்புவாள்.

மண்டபத்து வாசலில் பாக்கியம் அவளை மறித்தாள்.

“ஏளா, நீ எழுதினது உனக்கே தெரியலையா? நாலு வருசமா உன் பின்னால வாளியத் தூக்கிட்டுத் திரிஞ்சேனே, இதுக்கா?”

சாலோமி பஸ் ஏறினாள்.

தப்பு எங்கே நடந்திருக்கும் என்று அவளுக்கு ஓரளவு புரிந்திருந்தது. மனுவிலும் கட்டுரையிலும் வந்த அதே கோடையில், இரண்டாம் வருட ஏப்ரல் தொடக்கத்தில், அளவுக்கருவி கீழே விழுந்தது. அதன்பிறகு உப்பைப் பத்துக்கு ஒன்று கூடுதலாகக் காட்டியிருக்கிறது. ஜூனில்தான் அது தெரியவந்தது. ஏப்ரல், மே இரண்டு மாதத்து அளவுகளையும் கணினியில் அதற்கேற்பக் குறைத்துத் திருத்தினாள். ஆனால் எந்தக் கோப்பில் திருத்தினாள்?

மடிக்கணினியில் ஒரே பட்டியல் நாற்பத்தொரு கோப்புகளாக இருந்தது. ‘கிணறு பைனல்’, ‘கிணறு பைனல் 2’, ‘கிணறு பைனல் திருத்தியது’, ‘கிணறு நெசமாவே பைனல்’. போன வருடம் புதுக் கணினிக்கு மாற்றியபோது எல்லாவற்றிலும் ஒரே தேதி விழுந்திருந்தது. முன்னது எது, பின்னது எது என்று சொல்ல வழியில்லை. மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்து வரிவரியாக ஒப்பிட்டாள். மனுவுக்குப் போன கோப்பில் திருத்தமே இல்லை. கட்டுரைக்குப் போனதிலோ அதே திருத்தம் இரண்டு முறை விழுந்திருந்தது. இரண்டாவது முறை எப்போது செய்தாள், என்ன நினைத்துச் செய்தாள் என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

ஆராய்ச்சி நெறியாளர் குற்றாலலிங்கத்திடம் போய்ச் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

“எம்மா, இத எதுக்குப் பெருசாக்குதீங்க? கட்டுரைக் கணக்கே சரின்னு சொல்லிருங்க. மத்ததெல்லாம் அழிச்சிருங்க. யார் பாக்கப் போறா?”

அன்று பள்ளிக்கூட இடைவேளையில் அவள் கட்டுரைக் கோப்பு தவிர மற்ற நாற்பது கோப்புகளையும் தேர்வு செய்து, அழிக்கும் பொத்தான்மீது விரலை வைத்தாள். மணி அடிக்கும்வரை விரல் அங்கேயே இருந்தது. அழிக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

புள்ளியியலில் ஆராய்ச்சி செய்யும் நூகு, மேலப்பாளையத்துக்காரன். அவளைவிடப் பத்து வயது இளையவன். நூலகத்தில் அவளுக்கு எதிர் நாற்காலியில் உட்காருவான். அவனிடம்தான் முதலில் அழுதாள். அவன் தன் கணினியைத் திருப்பிக் காட்டினான். கிட் என்ற மென்பொருள். ஒரே ஒரு கோப்புதான் இருந்தது. அதில் செய்த ஒவ்வொரு மாற்றமும் தேதியோடும், ஏன் மாற்றினான் என்ற ஒரு வரிக் குறிப்போடும் பதிவாகியிருந்தது.

“அங்கன பாருங்கக்கா, போன மாசம் ஒரு தப்புப் பண்ணியிருக்கேன். தப்பும் இருக்கு, திருத்துனதும் இருக்கு.”

“அப்போ என் ரெண்டாவது திருத்தம் எப்போ விழுந்துச்சுன்னு இதுல பாக்கலாமா?”

நூகு கொஞ்சம் தயங்கினான். “இல்லக்கா. பழச அது தராது. என்னைக்குத் தொடங்குதீங்களோ அன்னையிலிருந்துதான்.”

அவள் முகம் வாடிவிட்டது. இருந்தாலும் அடுத்த வாரம் தொடங்கினாள். எக்செல் கோப்பில் எந்த எண் மாறியது என்பதைக் கிட் காட்டாது என்பதால், அளவுகளைக் காற்புள்ளி இட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக அடிக்க வேண்டியிருந்தது. குறிப்பேடுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு, நான்கு வருட அளவுகளையும் முதலிலிருந்து தானே அடித்தாள். பதினோரு நாள் ஆனது. முதல் பதிவைச் செய்யப்போனபோது, நீங்கள் யாரென்று முதலில் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. பெயரையும் மின்னஞ்சலையும் கேட்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் மண்டபத்தில் எழுந்து நின்றது அவளுக்கு நினைவு வந்தது. பெயரை அடித்தாள். குறிப்பில் எழுதினாள்: “குறிப்பேட்டில் உள்ளபடி. திருத்தம் எதுவும் இல்லை.”

பிறகு கருவிக்கான திருத்தத்தைச் செய்தாள். திரையில் அறுபது வரிகள் வந்தன. பழைய எண் சிவப்பில், புதியது பச்சையில். ஒவ்வொன்றையும் காகிதத்தில் கணக்குப் போட்டுச் சரிபார்த்த பிறகே பதிந்தாள்: “ஏப்ரல், மே. கருவி கூடுதலாகக் காட்டியது. ஒரு முறை மட்டும் திருத்தியது.”

விடை இருபத்தொன்று. மனுவும் தப்பு, கட்டுரையும் தப்பு. மனுவிலிருந்து இரண்டு கிணறுகள் கழிந்தன. அதில் ஒன்று பாக்கியத்தின் வீட்டுக் கிணறு. வரம்பு லிட்டருக்கு இரண்டாயிரம் மில்லிகிராம், அந்தக் கிணறு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது.

அதிகாரியிடம் கொடுக்கும் முன்னால் பாக்கியத்திடம் நேரில் போய்ச் சொன்னாள். பாக்கியம் உள்ளே போய் ஒரு தம்ளர் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

“குடி.”

சாலோமி குடித்தாள். நாக்கில் கரித்தது.

“எப்படி இருக்கு?”

“உப்புதான் மைனி.”

“அப்போ அப்படி எழுதேன்.”

“அளவத்தான் எழுத முடியும் மைனி.”

பாக்கியம் தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகக் கருத்தரங்கக் குழுவுக்குக் கடிதம் போனது. கட்டுரையில் குற்றாலலிங்கத்தின் பெயரும் இருந்ததால் அவர் இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை. ஆய்வேட்டைக் கொடுப்பது ஒரு வருடம் தள்ளிப்போனது. புதிய கணக்கையும், மாற்றங்களின் முழுப் பதிவையும் அதிகாரி வாங்கிப் புரட்டிப் பார்த்தார். தங்கள் ஆட்களும் ஒருமுறை வந்து அளப்பார்கள் என்றார். இதுவரை யாரும் வரவில்லை. ஊருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் லாரித் தண்ணீர்தான்.

அடுத்த இரண்டு மாதத்துச் சனிக்கிழமையும் சாலோமியே இறைத்து அளந்தாள். மூன்றாம் மாதம் பாக்கியம் வந்தாள். வாளியை வாங்கித் தன் கிணற்றில் இறக்கினாள். கருவி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது காட்டியது.

“இன்னொருக்க அள.”

இம்முறை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது.

“ரெண்டையும் எழுது” என்றாள் பாக்கியம். சாலோமி எழுதினாள்.

“இன்னும் ரெண்டாயிரம் ஆவலையா?”

“ஆவல மைனி.”

பாக்கியம் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த கிணற்றைப் பார்த்து நடந்தாள்.