நேற்று உங்கள் வீட்டில் என்ன குழம்பு?

சுரைக்காயை நறுக்கி வைத்துவிட்டு, அதை என்ன செய்யலாம் என்று கேட்க வள்ளியம்மாள் அக்காவுக்குப் போன் செய்தேன். எடுத்தது அவர் மகள். "அம்மா வெடியக்காலம் தவறிட்டாங்க" என்றாள். மாரடைப்பாம். சுரைக்காய் அப்படியே கிடந்தது.

அஸ்தம்பட்டியில் எங்கள் பள்ளியின் நூலகத்தைப் பார்த்துக்கொண்டவர் அக்கா. நான் அதே பள்ளியில் அலுவலக எழுத்தர். அக்கா ராசிபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அவரை அறிந்தவர்கள் யாரும் அவருடைய கேள்வியிலிருந்து தப்பியிருக்க மாட்டார்கள்: "நேத்து உங்க ஊட்ல என்னங்க கொழம்பு?" கண்டக்டர், கீரைக்காரம்மா, பள்ளிக்கு ஆய்வுக்கு வந்த அதிகாரி என்று ஒருவரையும் விட்டதில்லை. பதிலைத் தினக்காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதிக்கொள்வார். சொன்னவர் பெயர் முதலில், குழம்பு அதற்கப்புறம். "நல்லா என்ன செய்வீங்கன்னு கேட்டா பெரும பேசுவாங்க. நேத்து என்னன்னு கேட்டாத்தான் நெசம் வரும்" என்பார்.

ஒரு ரமலான் மாதத்தில் என்னிடமே, "மும்தாஜு, நேத்து மத்தியானம் என்ன கொழம்பு?" என்று கேட்டுவிட்டார். நோன்பு என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். பிறகு, "அப்ப நோம்புக் கஞ்சிக்கு என்னென்ன போடுவீங்க சாமி?" என்றார். கையில் தாள் தயாராக இருந்தது.

என் கணவர் இரத்தக் கொதிப்பில் மயங்கி விழுந்த பிறகு, உப்பைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார் மருத்துவர். இன்னொரு முறை விழுந்தால் பிழைப்பது கடினம் என்றும் சொன்னார். கணவரோ தட்டைத் தள்ளிவிட்டு ஓட்டலுக்குக் கிளம்பிவிடுவார். நூலகத்தில் உட்கார்ந்து அழுதேன். அக்கா ஆறுதலெல்லாம் சொல்லவில்லை. "அழுதது போதும். நாளைக்கு என்ன பண்றதுன்னு பாக்கலாம்."

போனில் நான் பார்த்து வைத்திருந்த காளான் குருமாவைக் காட்டினேன். "இது ஞாயித்துக்கெழமச் சமையலு. செவ்வாக்கெழமைக்கு என்ன?" என்று போனைத் திருப்பித் தந்துவிட்டார். மறுநாள் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஒரு தாளை நீட்டினார். 'பாப்பாத்தி. சுட்ட தக்காளிக் கடைசல். புளிப்பு தூக்கல், உப்பு கடைசியில்.' என் கணவர் சாப்பிட்டு முடித்துவிட்டு, "இது யார் சொன்னது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியே எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. தாள்கள் வந்துகொண்டே இருந்தன. ஓட்டல் மெல்ல மெல்ல நின்றது.

ஆனால் நான் யாரிடமும் கேட்டதில்லை. வெட்கம். "எத்தன நாளைக்கு என்னையே கேப்பே? நீயும் வாயத் தொறந்து கேளு" என்று அக்கா அதட்டுவார். எனக்குக் கோபம்கூட வரும். நீங்கதான் இருக்கீங்களே அக்கா என்று சொல்லி மழுப்பிவிடுவேன்.

அடக்கம் முடிந்து ராசிபுரத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில், அவர் தினமும் வந்த அதே வழியில், அழுகையோடு சேர்ந்து ஒரு பயமும் வந்தது. நாளைக்கு என்ன வைப்பேன்? கணவர் மறுபடி ஓட்டலுக்குப் போனால்? பக்கத்தில் கூடையோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். வெட்கத்தை விட்டு, நேற்று என்ன குழம்பு என்று கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க கேக்கறீங்க?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். கணவரைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் இளகியது. "மொச்சையும் கத்திரிக்காயும்ங்க. எள்ள வறுத்துப் பொடிச்சுக் கடைசியில தூவோணும். உப்புக் கொறஞ்சதே தெரியாதுங்க." நான் நன்றி சொல்வதற்குள் மல்லூர் வந்துவிட்டது, கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

மறுநாள் என் கணவர் இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "இது யார் சொன்னது?" என்றார். அப்போதுதான் அந்த அம்மாவின் பெயரைக் கேட்கவில்லை என்பது உறைத்தது. அக்கா இருந்திருந்தால் திட்டியிருப்பார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான். இனி அதை விடப்போவதில்லை. நாளை கீரைக்காரம்மாவிடம் கேட்பேன். காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துக் குழம்பை எழுதினேன். மேலே, சொன்னவர் பெயருக்கான இடம் காலியாக இருந்தது. அதில் 'வள்ளியம்மாள்' என்று எழுதினேன்.