தெரியாத எண்கள்

மின்சாரம் வந்துவிட்டால் எங்கள் கட்டடத்தில் யாராவது ஒருவர் கத்துவார். மற்றவர்கள் ஓடுவார்கள். பர்கிசிமெத்தோ நகரம் முழுக்க இதே ஓட்டம்தான். சிலர் தண்ணீர் மோட்டாருக்கு, சிலர் துணி துவைக்க. மூன்றாம் மாடி நெரெய்தா ஓடுவது கணினிக்கு.

ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிக்காகத் தெருப் படங்களில் கார், மனிதர், மரம் என்று கணினிக்கு அடையாளம் பழக்க ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டம் வரைவது அவள் வேலை. ஒவ்வொரு படத்துக்கும் நேரக் கெடு உண்டு. கவனம் சிதறிக் கெடு தாண்டினால் படம் வேறு யாருக்கோ போய்விடும். அடிக்கடி தாண்டினால் கணக்கையே மூடிவிடுவார்கள். பள்ளியில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தவள். அந்தச் சம்பளத்தில் முட்டைகூட வாங்க முடியாமல் போன பிறகு இதற்கு வந்தாள்.

கவனத்தை அவள் கட்டிக் காத்த விதம் எங்களுக்கெல்லாம் கேலி. குடும்பக் குழுவில் காலை வணக்கப் பூக்களும் ஜெபங்களும் குவியும், அதிலிருந்து வெளியேறினாள். சித்திகள் பேச்சை நிறுத்தினார்கள். போனைச் சோளமாவு டப்பாவுக்குள் போட்டு மூடினாள். கடைசியாக, தெரியாத எண் எதுவும் ஒலிக்காதபடி செய்தாள். அதில் வருவது பெரும்பாலும் பரிசு விழுந்திருப்பதாகச் சிறைக்குள்ளிருந்து பேசும் மோசடிக்காரர்கள்தான். மாலையில் அந்த எண்களையெல்லாம் பார்க்காமலே மொத்தமாக அழித்துவிடுவாள்.

எதிர்வீட்டு ஒமைரா நேர்மாறு. எவன் கூப்பிட்டாலும் எடுப்பாள்.

"ஏன்டி, உனக்குப் பரிசு தர்றதுக்கு அவனுங்க ஜெயில்ல தவம் கிடக்கானுங்க, நீ டப்பால போட்டு மூடிட்டியே!"

"நீயே வாங்கிக்கக்கா. பாதிப் பங்கு குடுத்தாப் போதும்."

நெரெய்தாவின் மகன் யொனாய்க்கரும் ஒமைராவின் அண்ணன் மகனும் சேர்ந்து பிழைப்புத் தேடி வடக்கே கிளம்பினார்கள். பனாமாவுக்குள் போகும் காட்டுவழி. கிளம்பும்போது வாசலில் சண்டை, கட்டடமே கேட்டது.

"அந்தக் காட்டுக்குள்ள போறவன் எனக்குப் புள்ளையே இல்ல. போன் கீன் பண்ணாத!"

"சரிம்மா. பண்ணல."

சொல்லிவிட்டாளே தவிர, அவன் எண்ணுக்கு மட்டும் தனி மணி வைத்தாள். டப்பாவைத் திறந்தே வைத்தாள். கட்டம் வரையும்போது காது அடுப்பறையில் இருக்கும். அந்த மணி ஒலிக்கவில்லை. அவன் எண்ணுக்கு இவளே போட்டுப் பார்த்தாள், அணைந்து கிடந்தது.

மழை ஓய்ந்த சமயத்தில் ஒமைரா போனைக் கையில் ஏந்தியபடி கதவைத் தட்டினாள். அண்ணன் மகன் கோஸ்தாரிக்காவிலிருந்து, யாருடைய போனிலோ, நெரெய்தாவிடம் பேசினான்.

"காட்டுல ரெண்டு பேர் போனையும் பிடுங்கிட்டாங்க அத்தை. பனாமா முகாம்ல ஒரு ஹைத்திக்காரம்மாகிட்ட கெஞ்சி வாங்கி, அவன் ரெண்டு தடவ உங்களுக்குப் போட்டான். நீங்க எடுக்கல. என் முறை வர்றதுக்குள்ள சார்ஜ் போயிடுச்சு."

"அப்புறம்? அவன் எங்க?"

"'அம்மாக்குக் கோவம் தீரல, இனி தொந்தரவு பண்ணக் கூடாது'ன்னான். எனக்குக் கால் வீங்கிப்போச்சு. அவன் வேற கூட்டத்தோட முன்னாடியே போயிட்டான் அத்தை. உங்ககிட்ட பேசியிருப்பான்னு நெனச்சேன்."

காட்டுக்குள் போகிறவன் போன் காட்டோடு போய்விடும். பிறகு அடுத்தவர் போனில்தான் கூப்பிடுவான். வீட்டுக்கு ஒரு பிள்ளையை அனுப்பிய எங்கள் ஊரில் இது தெரியாதவர் இல்லை. நெரெய்தாவுக்கும் தெரியும். தன் போனை அடக்கியபோது மட்டும் அது தோன்றவில்லை. திருப்பி அழைக்கலாம் என்றால் எண்ணும் இல்லை.

அன்றே தடையை எடுத்துவிட்டாள். இப்போது போன் கணினிக்குப் பக்கத்திலேயே, முழு ஒலியில். கம்பெனியிலிருந்து எச்சரிக்கை வந்துவிட்டது.

"கொஞ்ச நேரம் என்கிட்ட குடுத்துட்டு வேலையப் பாருடி, நான் எடுக்குறேன்" என்றாள் ஒமைரா.

"உன் குரலக் கேட்டு வெச்சுட்டான்னா?"

நேற்று நான் உப்பு கேட்டுப் போயிருந்தேன். திரையில் மழையில் நனைந்த ஏதோ ஒரு தெரு. குடை பிடித்த ஒருவனைச் சுற்றிப் பாதிக் கட்டம். போன் ஒலித்தது.

"யொனாய்க்கர்?"

ஒரு பெண் குரல், டயர் கடையா என்று கேட்டது.

"இல்லம்மா, தப்பு நம்பர்... பரவால்ல. பரவால்லம்மா, தொந்தரவெல்லாம் இல்ல."

அவள் திரும்புவதற்குள் கெடு முடிந்து, அந்தப் படம் போய்விட்டிருந்தது.