மைனா போட்ட இரண்டு கறுப்பு

அரிமளத்துக்கு மேற்கே நாய் வளர்க்கிற மலையாண்டியைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது அவருடைய களைப்பைத்தான். குவைத்தில் பதினோரு வருடம் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பிய அன்று குப்புறப் படுத்தவர் எழுந்திருப்பதற்குள், முதுகில் கோழி ஏறி முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சும் பொரித்துவிட்டது. நான் சொல்வதில் கால்பங்கு கூட்டிச் சொன்னதாக இருக்கும். நாய் விஷயத்தில் மட்டும் ஒரு மயிர் கூட்டமாட்டேன்.

அவருடையவை சிப்பிப்பாறை நாய்கள். ஒட்டிய வயிறு, நீண்ட கால், கூர்ந்த முகம். ஓடினால் நாய் மட்டும் போய்ச் சேரும். நிழல் மறுநாள் காலையில்தான் வரும். (சரி, ஒரே ஒரு மயிர்.) மூன்று தலைமுறையாக அந்த வீட்டு நாய்களுக்கு நிறம் செவலை. செவலையும் செவலையும் சேர்ந்தால் செவலைதான் பிறக்கும் என்பது குடும்பத்தின் சத்தியவாக்கு. நிறம் தப்பிய குட்டியைப் பெட்டை போட்டால், அது வேலி தாண்டி இனத்தைக் கெடுத்துக்கொண்டது என்று பொருள். அந்தப் பெட்டையை ஊர் எல்லைக்கு அப்பால் கயிற்றை அவிழ்த்து விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அது அவர்கள் வீட்டுச் சட்டம்.

நான்கு வருடத்துக்கு முன்னால் செம்பி என்ற பெட்டை ஒரு கறுப்புக் குட்டி போட்டது. மலையாண்டி தாயையும் அந்தக் குட்டியையும் மினிவேனில் ஏற்றி, ஆவுடையார்கோவில் பக்கம் கொண்டுபோய் விட்டார். சட்டப்படி திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மாதம் கழித்து மூன்று முறை போய்த் தேடினார், கிடைக்கவில்லை. அந்த ஆற்றாமையை அடுத்த கொல்லைக்காரர் திருமுருகனிடம் போய்க் கொட்டினார். "ஒன் கறுப்பன்தான் வேலியைத் தாண்டுனான்." கறுப்பன், திருமுருகனின் நாய். அன்றோடு இருவருக்கும் பேச்சில்லை.

அதனால்தான் மைனா என்ற இப்போதைய பெட்டை பருவத்துக்கு வந்தபோது கம்பிவலை அறை கட்டினார். பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மூன்று வாரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே போனது அவர் வீட்டுச் செவலைக் கடுவன் வேலன் ஒன்றுதான். இரண்டு மாதம் கழித்து மைனா எட்டுக் குட்டி போட்டது. ஆறு செவலை. இரண்டு கறுப்பு, காலிலும் நெஞ்சிலும் தவிட்டு நிறம், கண்ணுக்கு மேலே ஆளுக்கு இரண்டு பொட்டு.

மனைவி ரஞ்சிதா எட்டிப் பார்த்தாள்.

"சாவியை இடுப்புல வச்சிருந்தது நீங்கதானே? ஒருவேளை கறுப்பன் ஒங்க இடுப்பு வழியா உள்ள போயிருப்பானோ?"

மலையாண்டிக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

மறுநாள் சித்தப்பா ரத்தினவேல் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டுபோய் விட்டுருப்பா. குட்டி கேட்டு வர்றவுக கண்ணுல பட்டா நம்ம பேரு போயிரும்."

"நான் பாத்துக்கிட்டே இருந்தேன் சித்தப்பா."

"கண்ணு அசந்திருப்பே. எப்பவுமே தூங்கி வழியிற ஆளு நீ."

வியாழக்கிழமை மைனாவுக்குக் காய்ச்சல். விடப்போகிற நாய்க்கு எதற்கு ஊசி என்று யாரும் கேட்பதற்குள், அதையும் இரண்டு கறுப்பையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திருமயம் போனார். கால்நடை டாக்டர் சிவரஞ்சனி ஊசி போட்டார். மலையாண்டி செம்பி காலத்திலிருந்து நடந்ததைச் சொல்லி, நாளைக்கு வெள்ளிக்கிழமை என்பதையும் சொன்னார்.

"இது கலப்பே இல்லைங்க" என்றார் டாக்டர். "ஒவ்வொரு குட்டிக்கும் நெறத்துக்குன்னு அப்பன்கிட்டேருந்து ஒரு பங்கு, ஆத்தாகிட்டேருந்து ஒரு பங்கு வரும். ரேஷன் கார்டுல ரெண்டு பேர் இருந்தாலும் வாசல்ல வந்தவங்ககிட்ட ஒருத்தர்தானே பேசுறாங்க? அதுக்காக உள்ள இருக்கவர் இல்லாமப் போயிட்டாரா? செவலை பேசுற ஆளு. இந்தப் பொட்டுக் கறுப்பு உள்ளயே இருக்க ஆளு. மைனாவுக்கும் வேலனுக்கும் உள்ளுக்குள்ள ஆளுக்கு ஒரு பங்கு கறுப்பு இருந்திருக்கு. ரெண்டு கறுப்பும் ஒரே குட்டிக்குப் போய்ச் சேந்தா, அது வெளிய வந்துரும். நாலுல ஒண்ணு அப்படி வரலாம்."

"எட்டுல ரெண்டு. கணக்கு சரியா இருக்கே."

"அது தற்செயல். ஒண்ணுமே வராமலும் இருக்கலாம், நாலுகூட வந்திருக்கலாம். குட்டி எண்ணிப் பாத்தா பொறக்குது?"

"அப்ப திருமுருகன் நாயி?"

"அதுக்கு இப்படிப் பொட்டு இருக்கா?"

"இல்லை. மூக்குலேருந்து வால் நுனி வரைக்கும் கறுப்பு."

"அது வேற கறுப்புங்க. ஒரு பக்கத்துலேருந்து வந்தாலே போதும், எல்லாத்தையும் மூடிரும். பொட்டு விடாது. அந்தப் பழைய குட்டிக்குப் பொட்டு இருந்துச்சா?"

மலையாண்டி மேசைமேல் கிடந்த குட்டியின் பொட்டை விரலால் தொட்டார்.

"இருந்துச்சு. ரெண்டு கண்ணுக்கு மேலயும்."

"மூணு தலைமுறையா ஒண்ணுகூட வராம இருந்திருக்காது. வந்ததை யாரும் சொல்லாம இருந்திருக்கலாம். வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க."

கேட்டார். சித்தப்பா ரத்தினவேல் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்.

"வந்துக்கிட்டுதான் இருந்துச்சு. விடியறதுக்குள்ள ஒங்க அப்பா கூடையில எடுத்துட்டுப் போயிரும். எங்கன்னு நான் கேட்டதில்லை."

"ஆத்தா நாயி?"

"அதை எதுக்கு விடணும்? நல்ல ஓட்டமா ஓடுற நாயை யாராச்சும் விடுவானா? செவலைக் குட்டியை மட்டும் காட்டுவோம். ஊருக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப எல்லையில கொண்டுபோய் விடுறது?"

"அது சொல்றதுக்கு இருக்க சட்டம்ப்பா. வெள்ளிக்கிழமைக்குள்ளன்னு நான் சொன்னதும் குட்டியைத்தான். நெசமா கொண்டுபோய் விட்டவன் நீ ஒருத்தன்தான்."

"நான் விட்டப்ப சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கலையே."

மூன்று தலைமுறையில் அந்தச் சட்டத்தை மதித்த ஒரே மனிதர் குவைத்தில் இருந்த மனிதர். ஊரில் இருந்தவர்களுக்கு எதை நம்ப வேண்டும், எதைச் சொல்ல மட்டும் வேண்டும் என்று தெரிந்திருந்தது. மலையாண்டி கோபப்படவில்லை, அதற்கும் உடம்பில் கொஞ்சம் பலம் வேண்டும்.

வெள்ளிக்கிழமை அவர் எங்கும் போகவில்லை. மைனா வலை அறையிலேயே எட்டுக் குட்டிக்கும் பால் கொடுத்துக்கொண்டு கிடந்தது. எட்டையும் வரிசையாகக் கிடத்தி, தாயையும் தகப்பனையும் பக்கத்தில் நிறுத்தி, நாய்க்காரர்களின் வாட்ஸப் குழுவில் படம் போட்டார். செவலைக்குச் சொல்லி வைத்திருந்த நான்கு பேர் அன்றைக்கே வேண்டாம் என்றார்கள். ஒருவர், 'தெரு நாய் வளர்க்கலாமே அண்ணே' என்று எழுதினார். ரத்தினவேல் குழுவிலிருந்து வெளியேறினார். பூட்டும் சாவியும் தேவையில்லை என்று ரஞ்சிதா வலைக்கதவைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்குப் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் மலையாண்டி வேலியோரமாகச் சுற்றி நடந்து திருமுருகன் கொல்லைக்குப் போனார். திருமுருகன் மோட்டார் கொட்டகை வாசலில் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன் நாய் மேல தப்பு இல்லை மாப்ள. டாக்டர் சொல்லிட்டாங்க."

"எந்த நாயி?"

"கறுப்பன்."

"அது செத்தே ரெண்டு வருஷமாச்சு."

மலையாண்டி அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தார். சொல்ல வந்ததில் பாதிதான் சொல்லியிருந்தார். மீதியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"தெரியாதுப்பா."

"எப்படித் தெரியும், நீதான் இந்தப் பக்கம் திரும்புறதே இல்லையே. அது கடைசி வரைக்கும் ஒன் வேலிப்பக்கம் போகலை. அதுக்கு ரோஷம் உண்டு." திருமுருகன் எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாக நகர்த்திவைத்து இடம் விட்டார். "உக்காரு. நிக்கிறதைப் பாத்தா எனக்கே கால் வலிக்குது."

மலையாண்டி உட்கார்ந்தார்.

"ரெண்டு கறுப்பு இருக்கு. வந்து பாக்குறியா?"

"நாளைக்கு வாரேன். இன்னிக்கு முடியலை."

"எனக்குந்தான்" என்றார் மலையாண்டி.