காரம் என்று கேட்டேன்

இந்த இரண்டரை மாதமாக என் மகளுக்கு வாய் கொப்புளிக்கத் தண்ணீர் கலந்து கொடுப்பதுதான் என் முதல் வேலை. அவளுக்கு வயது பத்தொன்பது. கழுத்தில் வந்த கட்டியைப் புற்றுநோய் என்று சொன்னதிலிருந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை மதுரைக்குக் கூட்டிப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறோம். முடி கொட்டும், வாந்தி வரும் என்பதற்கெல்லாம் மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் போனேன். வாயைப் பற்றி யோசித்ததே இல்லை.

இரண்டாம் முறை மருந்து ஏற்றி வந்த ஐந்தாம் நாள் கீழுதட்டின் உட்புறம் சிவந்தது. எட்டாம் நாள் நாக்கின் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புண். எச்சிலை விழுங்க முடியாமல் ஒரு கிண்ணத்தை மடியில் வைத்துத் துப்பிக்கொண்டிருந்தாள். பத்தாம் நாள் ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது நர்ஸ் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பிரஷ் என்ன பிரஷ் சார்? குழந்தைங்க பிரஷ் வாங்குங்க. கொதிக்கவச்சு ஆறின தண்ணி ஒரு டம்ளர், அரை ஸ்பூன் உப்பு, அரை ஸ்பூன் சமையல் சோடா. நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா கொப்புளிக்கணும். காய்ச்சல் வந்தா ராத்திரி பகல் பாக்காம கிளம்பி வந்துரணும்." பிறகு என்னைத் தனியே பார்த்துச் சொன்னார். "வாய் ஆறினாத்தான் அடுத்த மருந்து. புண்ணோட ஏத்த மாட்டாங்க. தள்ளிப் போனா லாபம் கட்டிக்குத்தான்."

அடுத்த மருந்துக்குப் பதினோரு நாள் இருந்தது. நான் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டேன்: உப்பு, காரம், அரை அரை. எங்கள் வீட்டில் சமையல் சோடாவை ஆப்பக்காரம் என்போம். சுருக்கமாகக் காரம்.

கோவில்பட்டியில் பஸ் இறங்கியதும் மனைவியையும் மகளையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, தெருமுனைப் பலசரக்குக் கடைக்குப் போனேன். முந்தின இரவும் நான் தூங்கவில்லை. நின்றபடியே கண் சொருகியது.

"அண்ணாச்சி, வாய் கொப்புளிக்கக் காரம் வேணும்."

"யாருக்கு, உங்களுக்கா? பல்லு ஆட ஆரம்பிச்சிட்டா?" என்று சிரித்துக்கொண்டே ஒரு பொட்டலம் மடித்துக் கொடுத்தார். "நல்லாப் பொடிச்சது. ரெண்டு நாள்ல ஈறு இறுகிரும் பாருங்க."

ஈறு இறுகும் என்று அவர் சொன்னது காதில் விழத்தான் செய்தது. மண்டையில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து பொட்டலத்தை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டிவைத்தேன்.

அன்று மாலையிலிருந்து நேரம் தவறாமல் கலந்து கொடுத்தேன். முதல் வாயிலேயே அவள் முகம் கோணிற்று.

"எப்பா, ரொம்ப எரியுதுப்பா. நாக்கைப் பிடிச்சு இழுக்க மாதிரி இருக்கு."

"மருந்துன்னா எரியத்தான் செய்யும்ட்டி. பொறுத்துக்கோ. அடுத்த ஊசி தள்ளிப் போயிரக் கூடாதுல்லா?"

அவள் பொறுத்துக்கொண்டாள். கட்டில் சட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கொப்புளிப்பாள். கண்ணில் நீர் வழியும். துப்பிவிட்டு என்னைப் பார்ப்பாள். நான் தலையாட்டுவேன். நான்கு நாள் இப்படிப் போயிற்று. நாலாம் நாள் உதடு காய்ந்து வெடித்திருந்தது. பேசுவதை நிறுத்திவிட்டு, செல்போனில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் மெல்லாமல் விழுங்க ஏதாவது வேண்டுமே என்று அன்று சாயங்காலம் என் மனைவி ஆப்ப மாவில் போட அந்த டப்பாவை எடுத்தாள். நான் கூடத்தில் இருந்தேன். அடுப்படியிலிருந்து அவள் குரல் வந்தது.

"ஏங்க, இங்கன வாங்க. புளிச்ச மாவுல போட்டும் பொங்கவே மாட்டேங்கு."

நான் போவதற்குள் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்திருந்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றாள்.

"இது ஆப்பக்காரம் இல்லங்க. சீனிக்காரம்லா!"

சீனிக்காரம் என்றால் படிகாரம். கலங்கின தண்ணீரைத் தெளிய வைக்கப் போடுவோம். சவரம் செய்த காயத்தில் தேய்ப்போம். பல் ஆடினால் எங்கள் பக்கம் அதைத்தான் கரைத்துக் கொப்புளிப்பார்கள். கடைக்காரர் பேரில் தவறே இல்லை. நான் கேட்டதைக் கொடுத்தார்.

நான் வேலை பார்ப்பது தீப்பெட்டி ஆபீஸில். தீக்குச்சி முனைக்கு மருந்து கலக்கும் அறைக்கு நான்தான் பொறுப்பு. எந்த டப்பாவையும் மேலே ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்காமல் திறக்க விடமாட்டேன். அதற்காகவே என்னைப் பின்னால் கேலி செய்வார்கள். என் வீட்டு டப்பாவில் சீட்டே இல்லை.

மகளிடம் நானே சொன்னேன். அவள் செல்போனை எடுத்து எழுதினாள். பிறகு அதை என் பக்கம் திருப்பினாள். 'நல்லவேளை, ஆபீஸ் மருந்தைக் கொண்டுவரல. வாயில தீப்பிடிச்சிருக்கும்.' என் மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

மறுநாளே போன் செய்து நர்ஸிடம் சொன்னேன். உடனே நிறுத்தச் சொன்னார். மருந்து ஏற்றும் நாளில் டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார். நாக்கு ஓரளவு தேறியிருந்தது. உள்கன்னத்தில் இரண்டு இடம் ஆறவில்லை. ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். அந்தச் சீனிக்காரத்தால்தானா என்று கேட்டேன்.

"இந்த மருந்துக்கே புண் வரும். அது வாயைக் காய வச்சிருக்கும், எரிச்சல் பண்ணியிருக்கும். அதனாலதான்னு என்னால சொல்ல முடியாது," என்றார்.

அதனால் இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. திரும்பும் வழியில் பஸ் ஜன்னலுக்கு வெளியே மழைக்குக் காத்திருக்கும் கரிசல் வெடித்துக் கிடந்தது. மகள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அந்த ஏழு நாளும் தூக்கத்தில் இருக்கும் அவள் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கட்டி வளர்ந்ததாகத் தோன்றும். உடனே இல்லை என்று தோன்றும். எட்டாம் நாள் வாய் ஆறிவிட்டது என்று மருந்தை ஏற்றினார்கள்.

அதற்குப் பிறகும் இரண்டு முறை ஏற்றியாகிவிட்டது. இன்னும் ஒன்று பாக்கி. ஆப்பக்காரம் இப்போது கம்பெனிப் பாக்கெட்டோடு தனி அலமாரியில் இருக்கிறது. இரண்டு டம்ளரில் கலக்குகிறேன். ஒன்று எனக்கு. இன்று காலையும் அவள் கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

"நீங்க மொதல்ல, எப்பா."

கொப்புளித்துத் துப்பினேன்.

"எரியுதா?"

"இல்லட்டி."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் அவளுடைய டம்ளருக்குக் கையை நீட்டினாள்.