அப்பாவின் ஒற்றைத் தட்டுக் கோழியும் அம்மாவின் பொறாமையும்

அன்பான உறவினர்களே, நண்பர்களே,

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. திவசத்துக்கு வந்து, எங்களோடு இருந்து உணவருந்தி, இந்தச் சிறு நினைவு மலரைக் கையோடு கொண்டுபோகப்போகும் உங்களுக்கு அப்பாவைப் பற்றிப் புதிதாக எதைச் சொல்வது என்று யோசித்தேன். துறைமுகத்தில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவருடைய உழைப்புத் தெரியும். ஊரவர்களுக்கு அவருடைய பொறுமை தெரியும். கடைசிக் காலத்தில் அவர் எங்கள் குசினிக்குள், அடுப்புக்கு முன்னால் வாழ்ந்த வாழ்க்கை மட்டும் உங்களில் பலருக்குத் தெரியாது. அதை எழுதினால் அம்மாவின் பொறாமையையும் எழுதவேண்டி வரும். அம்மாவிடமே கேட்டேன்.

"எழுது. உள்ளதைத்தானே எழுதப்போறாய்" என்றார்.

அப்பா கொட்டியாரக் குடாவின் அக்கரையில், கட்டைபறிச்சானில், கொஞ்சம் வயலும் ஒரு வலையும் வைத்திருந்த குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். விடியற்காலையில் வயலுக்குப் போய், வந்து குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனவர். பிறகு மூதூரில் லோஞ்ச் படகில் ஏறித் திருகோணமலைக்கு வந்து, பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்துவரும் படகொன்றின் எஞ்சின் அறையில் உதவியாளராகச் சேர்ந்தார். ஓய்வுபெறும்போது அந்த எஞ்சின் அறை அவருடைய பொறுப்பில் இருந்தது. தம்பி தங்கையரை அந்தச் சம்பளத்தில்தான் கரைசேர்த்தார். போர்க்காலத்தில் நாங்கள் வீட்டை விட்டு ஓடியபோதும், திரும்பி வந்து கூரையில்லாத சுவரைப் பார்த்தபோதும், கடல் ஊருக்குள் வந்த வருடத்திலும் அவர் வாய்விட்டு அழுததை நாங்கள் கண்டதில்லை. மறுநாள் காலை சவரம் செய்துகொண்டு வேலைக்குப் போய்விடுவார்.

அம்மா சல்லி என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர். மீன் சமைப்பதில் அவரை வெல்ல ஆளில்லை என்று அவரே சொல்வார், மற்றவர்களும் சொல்வார்கள். சொல்லாதவர் அப்பா ஒருவர்தான். இரண்டாம் தரம் சோறு கேட்பார். மூன்றாம் தரமும் கேட்பார். நல்லது, கெட்டது என்று ஒரு சொல் வராது. அம்மாவும் விடமாட்டார்.

"உப்புக் கூடவோ?"

"இல்லை."

"புளி காணாதோ?"

"காணும்."

அவ்வளவுதான் கதை. குசினிக்குள் அப்பா கால் வைக்க அம்மா விட்டதுமில்லை. தண்ணீர் குடிக்க வந்தால்கூட வாசலில் நின்றுதான் கேட்கவேண்டும். அண்ணா கனடாவிலிருந்து காசு அனுப்பி, கீழே கேக் சுடும் போறணை வைத்த பெரிய காஸ் அடுப்பொன்றை வாங்கித் தந்தபோது, அந்தப் போறணைக்குள் அம்மா தாச்சிச் சட்டிகளையும் மூடிகளையும் அடுக்கி வைத்தார். பல வருடமாக அது ஓர் அலுமாரியாகத்தான் இருந்தது.

பிறகு அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. நான் அலுவலகம் போகிறவள். என் கணவர் கத்தாரில் வேலை. இரண்டு பிள்ளைகளோடு பெற்றோர் வீட்டிலேயே இருக்கிறேன். விடிய எழும்பி நான் அவசரமாகச் சமைத்து வைப்பதை, அம்மா குசினி வாசலில் கதிரையில் இருந்தபடி பார்த்து, "இது கறியோ, கழுநீரோ?" என்பார். நடைப்பயிற்சி சொல்லித்தர வந்த பிள்ளை எவ்வளவோ கெஞ்சியும் அவர் எழுந்து நடக்கவில்லை. "இனி நடந்து என்ன செய்ய?" என்று சுவரைப் பார்ப்பார். பாதிச் சாப்பாட்டைத் தட்டிலேயே விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் காய்ச்சலில் படுத்துவிட்டேன். அப்பா கைபேசியோடு குசினிக்குள் நுழைந்தார். மறுமுனையில் கனடாவிலிருந்து அண்ணி. வேலை முடிந்து களைத்து வருகிற நாளில் தான் செய்யும் சுலபமான சமையலொன்றை அவர் சொல்லிக்கொடுத்தார்.

"ஒரே தட்டு மாமா. கோழியையும் மரக்கறியையும் ஒண்டாப் போட்டு உள்ளுக்க தள்ளி விடுங்கோ. கிளறத் தேவையில்லை. கழுவுறதும் ஒரு தட்டுத்தான்."

அப்பா போறணைக்குள் இருந்த தாச்சிகளை எல்லாம் வெளியே எடுத்து வைத்தார். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா கதிரையிலிருந்து குரல் கொடுத்தார்.

"ஆர் என்ர தாச்சியில கை வைக்கிறது?"

முதல் நாள் கோழி வெளியே கரியாகி உள்ளே பச்சையாக இருந்தது. உருளைக்கிழங்கைக் கடிக்க முடியவில்லை. நாங்கள் பாணும் சம்பலும் சாப்பிட்டோம். அம்மா அன்று பல நாட்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார். முகத்தில் ஒரு தெளிவு. "கப்பல் எஞ்சினோ இது, முறுக்கிவிட?" என்று கேட்டுவிட்டு இன்னொரு துண்டுப் பாண் வாங்கினார்.

அப்பா விடவில்லை. அடுத்தடுத்த கிழமைகளில் பிழைகளைத் திருத்தினார். கோழித் தொடையைத் தோலோடு வாங்கி, ஆழமாகக் கீறி, உப்பு, மஞ்சள், மிளகு, உள்ளி, இஞ்சி, எங்கள் வீட்டுக் கறித்தூள் கொஞ்சம், தேசிக்காய்ப் புளி எல்லாம் பிரட்டிக் காலையிலேயே ஊறவிடுவார். கிழங்கையும் கரட்டையும் சிறிதாக வெட்டி எண்ணெய் தடவித் தட்டின் அடியில் பரப்புவார். வெங்காயத்தைப் பெரிதாக வெட்டி இடையில் செருகுவார். கோழியைத் தோல் மேலே தெரிய அதன்மேல் வைப்பார். கோழியின் நெய் இறங்கிக் கிழங்கை வேகவைக்கும். தக்காளியும் கறிமிளகாயும் கடைசியில்தான் போகும். முதலே போட்டால் தண்ணீர் விட்டுத் தோல் மொறுமொறுப்பாக வராது. இதையெல்லாம் செய்துவிட்டுப் போறணைக்கு முன் ஒரு சின்ன வாங்கைப் போட்டு அமர்ந்து, பழைய எஞ்சின் அறையில் இருந்ததைப் போலவே, காதைக் கொடுத்தபடி இருப்பார்.

வாசனை ஒழுங்கை வீடுகளுக்கெல்லாம் போகத் தொடங்கியது. பிள்ளைகள் ஞாயிறு எப்போது வரும் என்று கேட்டார்கள். "அம்மப்பா, கடையில வாங்கிறதை விட இது திறம்!" என்று கத்துவார்கள். அம்மா தன் பங்கைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துச் சாப்பிட்டுவிட்டு, "கோழி நல்ல கோழி. ஆர் சமைச்சாலும் ருசிக்கும்" என்பார்.

அந்த நாட்களில்தான் பக்கத்து வீட்டுக்கு மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர், மகனோடு வாடகைக்கு வந்தார். கணவரை இழந்தவர். ஞாயிறு மதியம் ஒரு கிண்ணத்தோடு வேலிப் படலையைத் திறந்துகொண்டு வருவார். குரல் வகுப்பறைக் குரல்.

"அண்ணை, என்ன வாசம் அண்ணை! இப்பிடி ஒரு கைப்பக்குவம் ஆம்பிளையளுக்கு வாறதே இல்லை. என்ர பங்கைத் தாங்கோ, வீட்டில வைச்சு ஆறுதலாச் சாப்பிடப்போறன்."

அப்பா சிரித்தபடி கிண்ணத்தை நிரப்பிக் கொடுப்பார். ஒரு முழுத் தொடையும் அதில் போகும். கதிரையிலிருந்த அம்மாவின் முகத்தை நான் பார்ப்பேன். ரீச்சர் போனதும் தொடங்கும்.

"அவவுக்குத் தன்ர வீட்டில அடுப்பு இல்லையோ?"

"பாவம், புருசனில்லாத தனிமனிசி" என்பார் அப்பா.

"தனிமனிசியெண்டா முழுத் தொடையோ? எனக்கு வைச்சது முதுகுத் துண்டு."

"உமக்குக் கடிக்க ஏலாதெண்டு..."

"எனக்குக் கைதான் விழுந்தது. பல்லு விழேல்ல."

எழுபதைத் தொட்ட ஒருவர் ஒரு கோழித் தொடைக்காக இப்படிக் கொதிப்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு அது விளையாட்டல்ல. இரவில் கண்ணீர் விட்டார். "நாப்பது வருசம் சமைச்சுப் போட்டனான். என்ர குசினியில இப்ப வேற ஒருத்தி வந்து கைப்பக்குவம் பற்றிக் கதைக்கிறா" என்றார்.

அடுத்த ஞாயிறு அப்பா கோழியை ஊறவைத்துவிட்டுச் சந்தைக்குப் போனார். நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். மதியம் வழக்கம்போல ரீச்சர் தன் கிண்ணத்தை நிரப்பிக்கொண்டு போனபின் எல்லோரும் சாப்பிட இருந்தோம். முதல் வாயிலேயே பிள்ளைகள் தண்ணீருக்கு ஓடினார்கள். எனக்குக் காது அடைத்தது. தனி மிளகாய்த்தூள் கைநிறையப் போயிருந்தது. அப்பா கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிய, விழுங்கிவிட்டு நிமிர்ந்தார்.

"ஆர் குசினிக்குள்ள போனது?"

அம்மாவின் இடது உள்ளங்கை சிவந்திருந்தது. மிளகாய்த்தூள் பேணி மேல்தட்டில் இருப்பது. எழுந்து நின்று எட்டினால்தான் எடுக்கலாம். கதிரையிலிருந்து அங்கே போவதென்றால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக வைக்கவேண்டும்.

அப்பா மெதுவாக எழுந்து அம்மாவின் முன்னால் போய் நின்றார்.

"இஞ்சேரும், நீர் நடந்தனீரோ?"

அம்மா முகத்தைத் திருப்பினார். "எனக்குத் தெரியாது."

அப்பா அழுதார். சுவருக்கும் கூரைக்கும் அழாதவர், வாயெல்லாம் எரிய எரிய நின்று, சிரித்துக்கொண்டே அழுதார். மறுநாள் காலை ரீச்சர் வெறும் கிண்ணத்தோடு வந்து, "நேற்று முந்தினதை விடத் திறம் அண்ணை!" என்று சொன்னபோது அம்மா திகைத்துப்போய்விட்டார். "இவவுக்கு நாக்கும் இல்லையோ!" என்றார்.

அதற்குப் பிறகு அம்மாவைக் கதிரையில் வைத்திருக்க முடியவில்லை. ஞாயிறு காலையில் பொல்லை ஊன்றிக்கொண்டு குசினிக்குள் வந்துவிடுவார். அப்பா வெட்ட, அம்மா இடது கையால் பிரட்டுவார். உப்புக்கு ஒரு சண்டை, தேசிக்காய்க்கு ஒரு சண்டை. கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தபடி நான் கேட்டுக்கொண்டிருப்பேன். உண்மையைச் சொன்னால், அப்போது எனக்கு அம்மாமேல் பொறாமையாக இருந்தது. அண்ணி சொல்லிக்கொடுத்த சமையல் என்பதால் தொடக்கத்தில் எனக்குள் இருந்த சின்ன எரிச்சல் எப்போதோ போய்விட்டிருந்தது. இது வேறு. உப்புக்காகச் சண்டை பிடிக்க அம்மாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தார். எனக்குக் கணவரோடு கைபேசியில் கொஞ்ச நேரம். பிள்ளைகளின் படிப்பு, வீட்டுச் செலவு, "சரி, வைக்கிறன்." அந்த இருவரும் தோளோடு தோள் முட்டிக்கொண்டு போறணைக்குள் குனிந்து பார்ப்பதைக் கண்டால், நான் எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவேன்.

அப்பாவுக்கு இதயத்தில் வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அம்மா பொல்லோடு அவர் படுத்திருந்த வோட்டுக்கு வந்தார். இளம் தாதியொருவர் அப்பாவுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தார். அப்பா அம்மாவைக் கண்டதும், களைத்த குரலில், "இந்தப் பிள்ளை எவ்வளவு பக்குவமாத் தருது பாரும்" என்றார்.

அம்மா கரண்டிக்குக் கையை நீட்டினார். "தாங்கோ பிள்ளை. இவருக்கு என்ன சூடு வேணுமெண்டு எனக்குத் தெரியும்."

இடது கையால் பருக்கினார். கஞ்சி கொஞ்சம் சட்டையில் சிந்தியது. அப்பா முழுவதையும் குடித்தார். அடுத்த நாள் காலை அவருடைய மூச்சு அமைதியாக அடங்கியது.

எட்டாம் நாள், அவருக்குப் பிடித்ததைப் படைக்கவேண்டும் என்று பெண்கள் கூடிக் கதைத்தார்கள். "ரீச்சரைச் செய்யச் சொல்லுங்கோ. அண்ணை அவவுக்குத்தானே கோழி குடுக்கிறவர், பக்குவம் தெரிஞ்சிருக்கும்" என்று ஒருவர் சொல்லிவிட்டார். அம்மா நிமிர்ந்தார்.

ரீச்சர் அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து கீழே அமர்ந்தார்.

"எனக்குச் செய்யத் தெரியாது அக்கா. நான் பிறந்ததிலிருந்து சைவம். முட்டையும் தொடமாட்டன். அந்தக் கோழி எல்லாம் மகனுக்குத்தான் போனது. அண்ணைதான் வேலிக்கரையில நிண்டு கேட்டவர். 'ரீச்சர், ஞாயிறு ஞாயிறு வந்து கொஞ்சம் பலமாப் புகழுங்கோ. இவ கேட்டுப்போட்டுக் கோவத்திலயாவது எழும்பட்டும்' எண்டு. அண்டைக்கு மகன் இரவு வேலைக்குப் போயிருந்தவன். கோழியை வேற சட்டிக்கு மாத்திப்போட்டு, அவன் வந்து சாப்பிட முந்தியே ஓடிவந்து புகழ்ந்திட்டன். பிறகுதான் அவன் தண்ணிக் குடத்தோட நிண்டவன்."

சிலர் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

"வேற என்ன சொன்னவர்?"

"உங்கட மீன்குழம்பைப் பற்றித்தான் எப்பவும் கதை அக்கா. அப்பிடி ஒரு குழம்பு இந்த மாவட்டத்திலயே இல்லையாம். அதைத் திரும்பச் சாப்பிடத்தான் இவ்வளவு பாடும் எண்டவர்."

அம்மா ரீச்சரின் தோளைப் பிடித்தார்.

"எனக்கு ஒரு நாளும் சொல்லேல்ல. ஒரு நாளும்! உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்."

அப்படிச் சொல்லிக்கொண்டுதான் அம்மா அழத் தொடங்கினார். அப்பா இறந்த அன்றுகூட அழாதவர், ரீச்சரின் தோளை இடது கையால் குத்திக் குத்தி அழுதார். ரீச்சர் குத்துகளை வாங்கிக்கொண்டு அசையாமல் இருந்தார். அன்றைய கோழியை அம்மா முன்னின்று, என் கைகளை வேலை வாங்கிச் செய்தார். பக்கத்தில் ஒரு சட்டி மீன்குழம்பும் வைத்தார்.

அப்பா நோயுற்றிருந்தபோது கவனித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், செய்தி கேட்டு மூதூர்ப் பக்கத்திலிருந்தும் வெருகலிலிருந்தும் ஓடிவந்த சொந்தங்களுக்கும், அவரைத் தோளில் சுமந்த துறைமுக நண்பர்களுக்கும், துக்க நாட்களில் எங்கள் அடுப்பு எரியாதபோது சோறு கொண்டுவந்த அயலவர்களுக்கும், தூரத்திலிருந்து வந்து சேர்ந்த அண்ணாவுக்கும் அண்ணிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ரீச்சருக்கு நன்றி போடலாமா என்று அம்மாவைக் கேட்டேன். "போடு. ஆனா சின்ன எழுத்தில போடு" என்றார். எல்லோருக்கும் ஒரே எழுத்தில்தான் போட்டிருக்கிறேன்.

கத்தாரிலிருந்து வந்து கொள்ளி வைக்கும்வரை அண்ணாவோடு கூட நின்ற என் கணவருக்கும் நன்றி. அவர் திரும்பிப் போய்ச் சில வாரங்களின் பின் பேசும்போது, தன்னோடு வேலை செய்பவரின் மனைவி வெள்ளிக்கிழமைகளில் தங்களுக்கெல்லாம் மீன் பொரித்து அனுப்புகிறார் என்றும், நல்ல ருசி என்றும் சொன்னார். யார் அந்தப் பெண், என்ன பெயர், எந்த மீன், எப்படிப் பொரிக்கிறார் என்று நான் கேட்கத் தொடங்கினேன்.

"என்ன, உமக்குப் பொறாமையோ?" என்றார்.

"ஓம்" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அன்று நாங்கள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியோ செலவைப் பற்றியோ ஒரு சொல்லும் பேசவில்லை. "அடுத்த வருசம் ஊருக்கு ஒரேயடியா வந்திடவோ?" என்று அவர்தான் கேட்டார்.

அப்பாவின் ஆத்மா இறைவன் திருவடியில் இளைப்பாறட்டும்.

இப்படிக்கு,
அப்பாவின் மகள்